கல்லும் ஒரு களஞ்சியந்தான்

எங்கட அப்பப்பாமாரில் சிலர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவை. "இவ்வளவு பாரமான சாமானை எங்க வைச்சு, எப்பிடி அனுப்பினீங்கள்?" என்று கேட்டால் விடியும்வரை கதைப்பினம்.

1950இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலைக்கு இடம் அமைஞ்சதே பாதி வெற்றி. சூளையிலிருந்து வாற கிளிங்கர் கட்டி ஒரு தொன்னுக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன் சுண்ணாம்புக்கல் வேணும். தூரத்திலிருந்து ஏத்தினால் கட்டாது. இங்க கல் காலடியில்; பக்கத்தில் றெயில்பாதை, துறைமுகம். அரைச்ச சீமெந்து ஈரம் பட்டால் இறுகிப்போகும், கடற்கரையில் கனநாள் அடுக்கி வைக்கேலாது. கிளிங்கர் அவ்வளவு கெதியாப் பழுதாகாது. காலியில் இருந்த ஆலைக்கு இங்கயிருந்து கிளிங்கராகவே போனது, அரைச்சது அங்க.

இந்தக் கணக்கில் ஒரு களஞ்சியம் விடுபட்டுப்போச்சு. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைத்தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளதான் தங்குது. அடியில் உவர், அதுக்கு மேல மிதக்கிற நல்ல தண்ணி. ஆலைக்கு மூலப்பொருளான அதே கல்தான் எங்கட கிணறுகளுக்குத் தாங்கி. தோண்டினதைத் திருப்பி வைக்கேலாது.

1990இல் போரோட ஆலை நின்றது. இப்ப காங்கேசன்துறையில் திரும்பவும் தொழிற்சாலைகள் என்ற பேச்சு. நாங்கள் வேண்டாம் என்று சொல்லேல்லை. கம்பஸ் முடிச்சு வேலை தேடப்போறது நாங்கள்தானே. சீமெந்துதான் வேணுமென்றால் கிளிங்கரைக் கப்பலில் இறக்கி இங்க அரைக்கலாம். அண்டைக்குக் காலி செய்ததை இண்டைக்கு நாங்கள் செய்யலாம். திட்டத்தோட வாறவையிட்ட "ஸ்டோர் எவ்வளவு பெரிசு?" என்று கேக்கமுதல், "கல் எங்கயிருந்து?" என்று கேப்பம்.