அக்காவுக்கு எத்தனை மார்க்?

நம் நாடகங்களில் ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் கவனித்திருப்பீர்கள். கண் தெரியாத பாத்திரம் மேடைக்கு வந்தால் சபையில் கைக்குட்டைகள் வெளியே வரும். காது கேளாத பாத்திரம் வந்தாலோ, வாயைத் திறக்கும் முன்பே சிரிப்பு! இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் எத்தனையோ பேர் தங்கள் காதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. எழுத்து கொஞ்சம் மங்கினால் மூக்குக் கண்ணாடிக்கு ஓடுகிறவர்கள், காது விஷயத்தில் மட்டும் வருஷக் கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள்.

என் தமக்கையின் கதையைச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுக் கொண்டுதான் சொல்கிறேன். கேட்காமல் எழுதிவிட்டு மாயவரத்தில் காலை வைக்க எனக்குத் தைரியம் கிடையாது. வயது 71. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். அத்தான் காலமான பிறகு சொந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். பிள்ளைகள் இருவரும் வெளியூரில்.

ஒரு தீபாவளிக்கு எல்லோரும் கூடியிருந்தோம். "தட்டு எங்கே பாட்டி?" என்று பேத்தி கேட்டாள். அக்கா எழுந்து போய் பீரோவைத் திறந்து, பட்டுப் புடவை ஒன்றை எடுத்து வந்து கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ராத்திரி பின்கட்டில் பிள்ளைகள் சிரிக்கவில்லை. "அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது, மாமா. கேட்டது ஒன்று, செய்வது ஒன்று. இனிமேல் தனியாக விடக்கூடாது. வீட்டை விற்றுவிட்டு, கோயமுத்தூர்ப் பக்கம் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று பார்க்கிறோம்" என்றார்கள். நல்ல பிள்ளைகள்தான், கவலையில்தான் சொன்னார்கள்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். பால் கணக்கை அந்த மாதம் ஒரு ரூபாய் பிசகாமல் போட்டு, பால்காரரின் தப்பையும் கண்டுபிடித்தவள் அவள். புத்தி தடுமாறினவள் செய்கிற காரியமா அது? மறுநாள் முழுவதும் கவனித்தேன். நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினால் டக் டக்கென்று பதில் வருகிறது. அடுப்பைப் பார்த்து நின்று கொண்டு கடுகு தாளிக்கிறபோது கேட்டால் பதிலே இல்லை. பெரியவனின் கட்டைக் குரல் புரிகிறது. பேத்தியின் கீச்சுக் குரல் புரியவில்லை. டெலிவிஷன் சத்தம் தெருக்கோடி வரை. நாலு பேர் ஒரே சமயத்தில் பேசினால், அர்த்தமில்லாமல் ஒரு புன்னகையோடு உட்கார்ந்து விடுகிறாள்.

சாயங்காலம் மெதுவாகக் கேட்டேன். "எனக்குக் காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, தம்பி! நீங்கள்தான் எல்லாரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறீங்க" என்றாள்.

நேயர்களே, இந்த ஒரு வாக்கியம் உங்கள் வீட்டில் யார் வாயிலாவது வந்தால், காதைப் பரிசோதிக்கும் நாள் வந்துவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. வயதாகிறபோது மேல் ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் மங்குகின்றன. 'ஆ', 'ஓ' என்கிற உயிரோசை கீழே இருப்பதால் நன்றாகவே கேட்கும். ச, த, ப, க போன்ற மெல்லிய வெடிப்புகள் நழுவிவிடும். சத்தம் கேட்கும், சொல் புரியாது. தட்டு பட்டாவது இப்படித்தான். செவிடன் காதில் ஊதின சங்கு என்கிறோமே, அநேகருக்குச் சங்கு நன்றாகவே கேட்கும். கேட்காமல் போவது பேத்தியின் ரகசியம்தான்.

பீத்தோவன் என்ற சங்கீத மேதைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வாத்தியங்களின் உச்ச ஸ்வரங்கள் தூரத்திலிருந்து கேட்பதில்லை என்று 1801-ல், முப்பதாவது வயதில், நண்பருக்குக் கடிதம் எழுதினார். எனக்குக் காது கேட்கவில்லை என்று நாலு பேரிடம் சொல்லக் கூசி, இரண்டு வருஷமாகக் கூட்டங்களுக்கே போவதில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறார். அவருக்கே அப்படியென்றால் நம் வீட்டுப் பாட்டிமார்களை என்ன சொல்வது?

தஞ்சாவூருக்கு அழைத்துக் கொண்டு போனேன். டாக்டர் முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்தாலே பாதி சங்கடம் தீர்ந்துவிடுமாம். அதற்காக நீங்கள் ஹேர்ப்பின்னும் கையுமாகக் கிளம்பி விடாதீர்கள்! அக்காவுக்கு அடைப்பு இல்லை. சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். ஒலி லேசாகக் கேட்டாலும் அழுத்த வேண்டும். அப்புறம் காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் ஒரு கருவியை வைத்து மறுபடியும் அதே சோதனை. கோளாறு வெளிக்காது, நடுக்காதிலா, உட்காதிலா என்று அது காட்டிவிடும். வலி கிடையாது, ஊசி கிடையாது. அக்கா பரீட்சைக்குப் போகிற பெண் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், "எத்தனை மார்க்?" என்று கேட்டாள்.

மார்க்குக்குப் பதில் ஒரு வரைபடத்தை நீட்டினார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கணக்கு வாத்தியாரம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கோடு இடது பக்கம் மேலே இருந்து, வலது பக்கம் போகப் போகச் சறுக்கு மரமாக இறங்கியது. விரலால் அதைத் தொட்டுக் கொண்டே போனவள், "ஓ! இங்கேதான் குழந்தை பேசறாளா?" என்றாள். அப்போதுதான் அவள் கண் கலங்கி நான் பார்த்தேன்.

மறதி என்று நாம் முடிவு கட்டும் முன் காதைப் பார்த்துவிடுவது நல்லது. காது மந்தத்தைக் கவனியாமல் விடுவது, பின்னால் புத்தி மங்குவதற்குத் துணை போகும் காரணங்களுள் ஒன்று என்று 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு 2020-லும் 2024-லும் சொல்லியிருக்கிறது. மந்தமானவர்களுக்கெல்லாம் அப்படி ஆகும் என்று அர்த்தமல்ல, பயப்பட வேண்டாம். ஐம்பது வயதுக்கு மேல் அவ்வப்போது பரிசோதித்துக் கொண்டால் போதும்.

ஆனால் ஒன்றில் மட்டும் பொறுமை கூடாது. தூங்கி எழுந்தபோது ஒரு காது திடீரென்று கேட்கவில்லை என்றால், ஜலதோஷம், தானாகச் சரியாகிவிடும் என்று எண்ணெய் விட்டுக் கொண்டு காத்திராதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நாட்கள் போகப் போக மருந்து பலிக்கும் வாய்ப்புக் குறைகிறது. கைக்குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை, பேச்சு வரத் தாமதமாகிறது என்றாலும் அப்படியே.

அக்காவுக்கு இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தார்கள். முதல் வாரம் ஒரே ரகளை. காகிதம் புரட்டினால் இடி இடிக்கிறது, மின்விசிறி கத்துகிறது என்று கழற்றி வைத்துவிட்டாள். மறுபடி தஞ்சாவூர் போய்ச் சரி செய்து, தினம் ஒரு மணி, இரண்டு மணி என்று பழக்கிக் கொண்டாள். கல்யாணக் கூட்டத்தில் இப்போதும் திண்டாட்டம்தான். பழைய காது திரும்பிவிடவில்லை.

தை மாதம் வீட்டைப் பார்க்க ஒரு தரகர் வந்தாராம். பிள்ளைகள் எப்போதோ சொல்லி வைத்ததை யாரும் நிறுத்தவில்லை போலிருக்கிறது. அக்கா வாசலில் நின்றபடியே அவர் சொன்ன விலையைக் கேட்டுக் கொண்டு, சதுர அடிக் கணக்கில் அவர் செய்திருந்த பிசகையும் எடுத்துக் காட்டி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.