வாப்பாவின் கணக்கு



எங்கள் வாப்பா அவர்கள் 2021ஆம் ஆண்டு வஃபாத்தானார்கள். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கை, 2003இல் வாங்கிய கம்ப்யூட்டரில் மட்டுமே எழுதி வைத்திருந்தார்கள். கடன் தீர்ந்த பின்னர்தானே வாரிசுகளுக்குப் பங்கு? ஆகவே சொத்துப் பேச்சை நிறுத்திவிட்டு, நானும் தம்பியும் அந்தப் பழைய பெட்டியின் முன் அமர்ந்தோம்.

பொத்தானை அழுத்தினால் விசிறி சுழலும். கறுப்புத் திரையில் 'சீமாஸ் செக்சம் எரர்' என்றொரு வரி தோன்றும். தேதியோ 2002 ஜனவரியில் நிற்கும். சில வேளைகளில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று அறிவித்துவிடும்.

பழுது பார்க்க வந்தவர், "டிஸ்க் போய்விட்டது, ஃபார்மட் செய்து தருகிறேன்" என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். ஃபார்மட் என்றால் உள்ளிருப்பதைத் துடைத்துவிடுவது என்பதை அன்று நான் அறியேன். போய்விட்ட டிஸ்க்கை எவ்வாறு ஃபார்மட் செய்வார் என்று கேட்கவும் தோன்றவில்லை! மின்வேலை தெரிந்த தம்பிதான் தடுத்தான்.

முதலில், மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் இருந்த சி.ஆர். 2032 என்னும் நாணய வடிவ பேட்டரியை மாற்றினான். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது தேதியையும் அமைப்புகளையும் காப்பது அந்த 3 வோல்ட் பேட்டரிதான். தேதியைத் திருத்திச் சேமித்ததும் பிழை வரி மறைந்தது. ஆனால் டிஸ்க் தென்படவில்லை. காதை வைத்துக் கேட்டால், சுழலத் தொடங்கி மூச்சு வாங்கி நிற்பது போன்ற ஓசை.

அடுத்து, எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து வரும் மஞ்சள் கம்பியை மீட்டரால் சோதித்தான். அதில் 12 வோல்ட் இருக்க வேண்டும், 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. எங்களுடையது 10.7 காட்டியது. டிஸ்க்கின் மோட்டார் ஓடுவது அந்த 12 வோல்ட்டில்தான். கிளம்பும் வேளையில்தான் அது மிகுந்த மின்சாரம் இழுக்கும். பல்லாண்டு வெப்பத்தில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கெப்பாசிட்டர்கள் வறண்டு போனால், சுமை ஏறும்போது வோல்ட் சரிந்துவிடுமாம். குற்றம் ஓரிடத்தில், பழி வேறிடத்தில்!

சகோதரிகளே, ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அதை முழுதாக மாற்றுவதே முறை. நாங்களும் அவ்வாறே மாற்றினோம்.

டிஸ்க் சுழன்றது. விண்டோஸ் எக்ஸ்பி திறந்ததும், வேறெதையும் தொடாமல், கணக்கைப் பென் டிரைவில் பிரதி எடுத்தோம். 2014 ஏப்ரலுடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன விண்டோஸ் அது. ஆகையால் இணையத்தில் இணைக்கவேயில்லை.

பட்டியலில் ஏழு பெயர்கள் இருந்தன. ஆறு பேருக்குக் கொடுத்துவிட்டோம். ஏழாமவர், வாப்பாவுக்குச் சட்டை தைத்துக் கொடுத்த தையல்காரர்; 1,850 ரூபாய். அவரும் காலமாகிவிட்டார். மகள் மணமுடித்துச் சென்ற ஊரைத் தம்பி விசாரித்துக்கொண்டிருக்கிறான்.