தென்றல் நடுக்கும் தீவு

‘குளிர்நாடு’ என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் முதலில் தேடுவது தடித்த மேலங்கி ஒன்றையே. நியூசிலாந்திலுள்ள மக்களைப் பார்க்கப் புறப்படும் தாய் தந்தையர் பலர், பெட்டியின் பாதியை அம்மேலங்கிக்கே கொடுத்துவிடுகின்றனர். மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணைசெய்யப் போகும் அன்னைக்கோ மறுபாதி சரக்குத்தூளுக்கும் வறுத்த மாவுக்கும் போய்விடும். இரண்டையும் பற்றிச் சில சொல்ல வேண்டியுள்ளன.

முதலில் மாதங்களை மாற்றி எண்ணப் பழகவேண்டும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 34 பாகை முதல் 47 பாகை வரை நீண்டு கிடக்கும் அந்நாட்டில் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை கோடை. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மாரி. மாதங்கள் மட்டுமன்றித் திசைகளும் அங்கே குணம் மாறி நிற்கின்றன. சூரியன் வானத்தின் வடபுறமாகவே செல்வதால், வடக்கு நோக்கிய வீட்டுக்குத்தான் மதிப்பு. ‘தென்றல்’ என்று நாம் கொண்டாடும் தென்திசைக் காற்றோ அந்தாட்டிக்காவின் பக்கமிருந்து வருவது. நண்பகலில் இளஞ்சூடாக இருந்த வீதியை ஒரு மணி நேரத்துக்குள் நடுங்க வைத்துவிடும். எங்கள் புலவர்கள் அங்கே பிறந்திருப்பின் தென்றலை எவ்வாறு வைதிருப்பார்களோ!

உண்மையில் அந்நாட்டின் வானிலையை ஆள்வது குளிரன்று, காற்றேயாம். ‘முழங்கும் நாற்பதுகள்’ என மாணவர் புவியியலில் படிக்கும் மேலைக்காற்று, பெருங்கடலைக் கடந்து வந்து தென்தீவின் மலைத்தொடரில் மோதுகின்றது. மேற்கே மில்போர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மலைக்கு அப்பால் அலெக்சாந்திராவில் 400 மில்லிமீற்றரும் இல்லை. மழையை இறக்கிவிட்ட அக்காற்றே கன்ரபரிச் சமவெளியில் வெந்து வீசும். சோளகக் காலத்தில் மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மட்டக்களப்பை வாட்டும் கச்சானை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் நான்கு பருவங்களையும் காணலாமென அந்நாட்டவர் சொல்லிக்கொள்வதுண்டு.

குளிரின் அளவை அறிய நுவரெலியாவை நினைத்துக்கொண்டாற் போதும். அங்கே ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகை செல்சியசு. ஒக்லாந்தில் ஜூலை மாதத்துப் பகல் 15 பாகையை ஒட்டியும் இரவு 7, 8 பாகையாகவும் இருக்கும். கோடைப் பகலோ 24 பாகை அளவில் நிற்கும். ஒக்லாந்து நகரிற் பனிமழை காணச் செல்பவர் ஏமாறுவர். அதற்கு உயர்ந்த மலைகளுக்கே போகவேண்டும். ஆயினும் எம் முதியோரை வருத்துவது வெளிக்குளிரைவிட உட்குளிரே. பழைய மரவீடுகள் பல குளிர்காப்பின்றிக் கட்டப்பட்டவை. கூடம் ஒன்றை மட்டும் சூடாக்கிவிட்டுப் படுக்கையறையைக் குளிரவிடும் வழக்கமும் உண்டு. 2019இல் நடைமுறைக்கு வந்த விதிகளால் வாடகை வீடுகளின் நிலை திருந்தி வருகின்றது.

ஆகவே ஒரு பெரிய மேலங்கியைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து வேண்டியபோது கழற்றத்தக்க மெல்லிய உடைகளே உதவும். உடலோடு ஒட்டிய உள்ளாடை, அதன்மேல் கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றும் நீரும் புகாத, தலைமூடியுடன் கூடிய மழைச்சட்டை. சேலையுடுக்கும் பெண்கள் உட்பாவாடையின் கீழ்க் கம்பளிக் காற்சட்டை அணிந்துகொள்வது நன்று. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செருப்பு மாரிக்கு உதவாது. சப்பாத்தும் தடித்த காலுறையும் வேண்டும். குடையை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம். இரு தீவுகளுக்கும் இடையிலுள்ள நீரிணையின் காற்று முழுவதையும் வாங்கும் வெலிங்ரனில் அது கம்பியாகத்தான் மிஞ்சும். அந்நகரின் தே பாப்பா அருங்காட்சியகச் சேகரிப்பிலே தமிழெழுத்துப் பொறித்த கப்பல் மணியொன்று உண்டு. மாவோரி மக்கள் கிழங்கு அவிக்கும் பாத்திரமாக வைத்திருந்த அதனைப் பாதிரியார் வில்லியம் கொலன்சோ 1836ஆம் ஆண்டளவில் கண்டார். எம்மெழுத்து எமக்கு முன்பே அங்கு போய்விட்டது!

கோடையிற் செல்வோர் தொப்பியை மறத்தலாகாது. அங்கே கோடைகாலத்து ஊதாக்கடந்த கதிர்கள், வட அரைக்கோளத்தில் அதே அகலக்கோட்டிலுள்ள நாடுகளிலும் பார்க்க ஏறத்தாழ 40 வீதம் வலியவை. வெப்பம் தெரியாமலே தோல் எரியும். தென்கோடியிலுள்ள இன்வர்கார்கிலில் டிசெம்பர்க் கடைசியில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை கடந்துவிடும். மாலை விளக்கை எப்போது ஏற்றுவதென்பதை அவரவரே தீர்மானித்துக்கொள்க.

இனி, மற்றப் பாதிப் பெட்டி. வேளாண்மையாலும் மந்தை வளர்ப்பாலும் வாழும் அத்தீவு, வெளியிலிருந்து வரும் பூச்சிக்கும் நோய்க்கும் மிகவும் அஞ்சுவது. தேன், விதைகள், பச்சைக் கறிவேப்பிலை, பழங்கள் ஆகியவற்றைக் கொண்டுபோக நினையாதிருத்தலே நன்று. சப்பாத்தின் அடியில் ஒட்டிய மண்ணையும் கழுவிவிடவேண்டும். உணவுப் பொருள் எதுவாயினும் பயணிகள் படிவத்தில் ‘உண்டு’ என்று குறித்தல் கட்டாயம். இங்கேதான் எம் முதியோர் இடறுகின்றனர். பறித்துவிடுவார்களோ என்ற அச்சத்தால் ‘இல்லை’ என்று குறித்துவிட்டு, 400 நியூசிலாந்து டொலர் தண்டம் செலுத்த நேர்கின்றது. ‘உண்டு’ என்று சொன்னவருக்கு, ஆகாத பொருள் போகுமேயன்றித் தண்டமில்லை. சரக்குத்தூளில் என்னென்ன சேர்ந்துள்ளன என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பொதியிலே ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே பையில் இட்டால் அதிகாரிக்குக் காட்டுவது எளிது. மிளகாய்த்தூள், பருப்பு, அப்பளம் முதலியன ஒக்லாந்தின் சன்ட்றிங்கம் பகுதிக் கடைகளிலேயே கிடைக்கும். அவற்றைச் சுமந்து போகும் இடத்தில் இன்னுமொரு கம்பளிச் சட்டையை வைக்கலாம்.