ஜூனியர் வருஷத்து வரி

மே மாதம் பிறந்தால் இங்கே நியூ ஜெர்சியில், டாக்டராக ஆசைப்படும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் எல்லாம் ஆம்காஸ் பேச்சுதான். அமெரிக்காவில் பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பம் அது. கல்லூரியில் வாங்கிய ஒவ்வொரு கிரேடும் அதில் ஏறும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சேர்த்து ஒரு தனிச் சராசரி. மற்ற பாடங்களுக்கு வேறு. அதையும் வருஷவாரியாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டுவார்கள்.

அந்த அடுக்குதான் என் தங்கை மகளுக்கு வினையாக வந்தது. ஐந்து செமஸ்டர் வரை 3.9. ஆறாவதில் 2.9. மொத்தத்தில் பார்த்தால் 3.73, 2023-இல் எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரியே 3.77 தான், பெரிய பள்ளம் இல்லை. ஆனால் வரிவரியாகப் பார்ப்பவர் கண்ணில் 3.9, 3.9, அப்புறம் ஜூனியர் என்கிற மூன்றாம் வருஷத்தில் 3.4. இதே சறுக்கல் முதல் வருஷத்தில் நடந்திருந்தால், பிறகு ஏறிவந்த பெண் என்று நினைத்திருப்பார்கள். ஜூனில் விண்ணப்பித்தால் அவர்கள் கடைசியாகப் பார்ப்பது இந்த இறக்கத்தைத்தான். அதுவும் பயோகெமிஸ்ட்ரியில். மருத்துவப் படிப்புக்கு மிக நெருங்கிய பாடம்.

தங்கைக்குக் கீமோ நடந்த மாதங்கள் அவை. வியாழக்கிழமை லேப் முடிந்ததும் மகள் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்துவிடுவாள். சமையலறை மேஜையில் புத்தகம் விரிந்திருக்கும். பக்கத்தில் வாந்திக்கான மாத்திரை, எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று அவள் கைப்பட எழுதிய தாள். அந்தத் தாளுக்கு எந்தச் சராசரியிலும் இடம் கிடையாது.

மதுரையில் நான் பிளஸ் டூ எழுதிய காலத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் இருந்தார். வகுப்பில் முதல் மாணவர். பயாலஜி பரீட்சை அன்று அம்மை போட்டிருந்தது. வேப்பிலை வாசனையோடு போய் எழுதிவிட்டு வந்தார். 1984 முதல் 2006 வரை தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு நுழைவுத் தேர்வும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் கட் ஆஃப். அவருக்கு அந்த ஒரு நாள் போனது போனதுதான். இங்கே நாலு வருஷத்தையும் பார்க்கிறார்களே, இது எவ்வளவோ மேல் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போதும் மேல் என்றுதான் சொல்வேன். ஆனால் நாலு வருஷம் என்றால் அதற்குள் வீட்டில் நோய் வரும், சாவு வரும். எல்லாம் பெயரில்லாத எண்ணாக அந்த அடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பயோகெமிஸ்ட்ரியைத் திரும்ப எடுக்கட்டுமா என்று தங்கை மகள் கேட்டாள். எடுத்தாலும் ஆம்காஸில் பழைய கிரேடு அழியாது, இரண்டையும் கணக்கில் சேர்ப்பார்கள். எம்கேட் என்கிற நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் உதவும். ஆனாலும் ஒரு நாள் தேர்வு, ஒரு பருவத்தை முழுக்க மறைத்துவிடாது. “ஒரு வருஷம் பொறு கண்ணு,” என்றேன். கடைசி வருஷம் கடினமான பாடங்களாகவே எடுத்து 3.9 வாங்கினால் மொத்தம் மறுபடி 3.77-ஐத் தொடும். அதைவிட முக்கியம், அடுக்கின் கடைசி வரி மேலே ஏறியிருக்கும். “எல்லாரும் போயிடுவாங்க பெரியம்மா,” என்றாள். போகட்டும். அவசரப்பட்டு விண்ணப்பித்து, கிடைக்காமல் மறுபடி விண்ணப்பிப்பதைவிடத் தாமதம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பொறுத்தாள். கடைசி வருஷம் நன்றாகவே படித்தாள். முடித்த கையோடு ஒரு கிளினிக்கில் டாக்டருக்குக் குறிப்பெடுக்கும் ஸ்கிரைப் வேலையில் சேர்ந்தாள். இந்த வசந்தத்தில் விண்ணப்பக் கட்டுரை எழுத உட்கார்ந்தாள். 5300 எழுத்துக்குள் அடக்க வேண்டும். முதல் வரைவு முழுக்க அம்மாவின் நோய். தங்கை வாசித்துவிட்டு, “என்னைப் பத்தி அவங்களுக்கு என்னடி? நீ எதுக்கு டாக்டராகணும்னு எழுது,” என்றாள். நோயையும் அந்தச் செமஸ்டரையும் இரண்டே வாக்கியத்தில் சுருக்கிவிட்டு, கிளினிக்கில் சர்க்கரை நோயாளி ஒருவர் இன்சுலினை எதற்காகப் பாதியாகக் குறைத்துப் போட்டுக்கொண்டார் என்பதிலிருந்து புதிதாக ஆரம்பித்திருக்கிறாள்.