ஒரு சென்டிமீட்டர் பயம்

தென்கொரியாவின் சியோல் நகரத்தில், 2008-ஆம் வருடம், நாற்பது வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். கழுத்தில் வீக்கம் இல்லை, வலி இல்லை, சாப்பாடு விழுங்குவதில் சிரமம் இல்லை. வருடாந்திர உடல் பரிசோதனைக்குப் போகிறாள். "இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் கழுத்தையும் ஸ்கேன் பண்ணிடலாம்" என்கிறார்கள். ஐம்பது டாலருக்குள் முடிகிற சமாச்சாரம்தானே, சரி என்கிறாள். 6 மில்லிமீட்டரில் ஒரு கட்டி தெரிகிறது. ஊசி குத்தி செல்களை எடுத்துப் பார்த்தால் தைராய்டு புற்றுநோய். உடனே ஆபரேஷன். பிழைத்துக்கொள்கிறாள். அதன்பிறகு பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள்: "நல்லவேளை, சீக்கிரமே கண்டுபிடிச்சாங்க. நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க!"

இதில் என்ன தப்பு? ஒன்றும் தெரியவில்லை, இல்லையா? அவள் ஒருத்தியைப் பார்த்தால் தெரியாதுதான். ஊர் மொத்தத்தையும் பார்த்தால் தெரியும்.

தென்கொரிய அரசு 1999-ல் சில புற்றுநோய்களுக்கான பரிசோதனைத் திட்டத்தைக் கொண்டு வந்தது. அந்தப் பட்டியலில் தைராய்டு கிடையாது. ஆனால் மருத்துவமனைகள் அதைக் கூடுதல் பரிசோதனையாகக் கொடுத்தன. மக்களும் எடுத்துக்கொண்டார்கள். 2011-ல் 40,000 பேருக்கு மேல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1993-ஐ விட 15 மடங்கு! இத்தனை பேருக்குச் சீக்கிரமே கண்டுபிடித்து வைத்தியம் பார்த்தால், அந்த நோயால் இறப்பவர்கள் குறைய வேண்டுமே? குறையவில்லை. முன்பு போலவே வருடத்துக்கு 300, 400 பேர்தான் இறந்தார்கள்.

அப்படியென்றால் புதிதாகக் கண்டுபிடித்ததெல்லாம் என்ன? பொய்யான புற்றுநோயா? இல்லை, நிஜமான புற்றுநோய்தான். ஆனால் பெரும்பாலும் ஆளைக் கொல்லாதது. 1985-ல் ஃபின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்துபோன 101 பேரின் தைராய்டு சுரப்பிகளை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் சின்னதாகப் புற்றுநோய் இருந்தது. வாழ்நாள் முழுக்க அது அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் தரவில்லை. இருப்பதே தெரியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"இருந்தால் என்ன, எடுத்துவிட்டால் நிம்மதிதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. சுரப்பியை முழுதாக எடுத்தால் ஆயுசு முழுக்க தினமும் மாத்திரை. அதன் பின்னால் அரிசி அளவில் நான்கு சின்னச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு அடிபட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி கைகால் மரத்துப்போகும், இழுத்துக்கொள்ளும். பக்கத்திலேயே குரல் நாண்களுக்குப் போகிற நரம்பு ஓடுகிறது. கொரியாவில் ஆபரேஷன் ஆனவர்களில் 11 சதவீதம் பேருக்குக் கால்சியம் பிரச்சினை, 2 சதவீதம் பேருக்குக் குரல் நாண் செயலிழப்பு. வெறும் 2 என்று நினைக்க வேண்டாம். 40,000 பேருக்கும் கத்தி வைத்தால் அது 800 குரல்கள்.

2014-ல் எட்டு கொரிய மருத்துவர்கள் சேர்ந்து, அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த ஸ்கேன் வேண்டாம் என்று பகிரங்கமாக எழுதினார்கள். அடுத்த ஒரு வருடத்தில் ஆபரேஷன்கள் 35 சதவீதம் குறைந்தன.

சரி, ஏற்கெனவே கண்டுபிடித்தாயிற்று, இனி என்ன செய்வது? இதற்கு ஜப்பானில் ஒரு பதில் கிடைத்தது. கோபே நகரத்தின் குமா மருத்துவமனையில் டாக்டர் அகிரா மியாவுச்சி 1993-ல் ஒரு யோசனை சொன்னார். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாத, ஆபத்து குறைந்த கட்டியை உடனே வெட்ட வேண்டாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம், வளர்ந்தால் அப்போது வெட்டலாம். புற்றுநோயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அப்படிக் கவனிக்கப்பட்ட 1,235 பேரின் கணக்கு 2014-ல் வெளிவந்தது. பத்து வருடத்தில் 3 மில்லிமீட்டராவது வளர்ந்தது 8 சதவீதம் பேருக்குத்தான். நிணநீர்க் கணுவுக்குப் பரவியது 3.8 சதவீதம். தைராய்டு புற்றுநோயால் இறந்தவர் ஒருவர்கூட இல்லை.

இது எல்லோருக்கும் பொருந்தாது. கட்டி மூச்சுக்குழாயை ஒட்டியோ குரல் நரம்பின் பாதையிலோ இருந்தால், கணுக்களுக்குப் பரவியிருந்தால், ஆபரேஷன்தான் சரி. வயதானவர்களை விட இளம் வயதினருக்கு வளரும் வாய்ப்பு அதிகம். கழுத்தில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டாலோ குரல் கம்மிக்கொண்டே போனாலோ டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும், "உள்ளே இருக்கே" என்ற நினைப்பிலேயே தூக்கம் போய்விடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆபரேஷன் தப்பு என்று யார் சொல்வது? அப்போதும் பல நேரம் பாதிச் சுரப்பியை எடுத்தாலே போதும்.

2015-ல் அமெரிக்கத் தைராய்டு சங்கமும் இந்தக் காத்திருப்பை ஏற்கத்தக்க வழி என்றது. பரவிய அறிகுறி இல்லாவிட்டால், ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டியில் பொதுவாக ஊசியே குத்த வேண்டாம் என்றும் சொன்னது. 2016-ல் ஒரு வகைத் தைராய்டு கட்டியின் பெயரிலிருந்து 'புற்றுநோய்' என்ற வார்த்தையையே நிபுணர்கள் எடுத்துவிட்டார்கள். அந்த வார்த்தையே நோயாளியைக் கத்திக்கு அனுப்பிவிடுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி அந்த சியோல் பெண். அவளுக்கு அந்த ஆபரேஷன் தேவைப்பட்டதா? அது யாருக்கும் தெரியாது, இனி தெரியவும் போவதில்லை. கட்டியை எடுத்தாயிற்று, என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க வழியில்லை. தன்னைக் காப்பாற்றினார்கள் என்றே அவள் கடைசிவரை நம்புவாள். அப்படி நம்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் சேரும்போது அடுத்தவரும் போய் ஸ்கேனுக்குக் கழுத்தை நீட்டுகிறார். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால், "இதை இப்போ எடுக்காம விட்டா என்ன ஆகும் டாக்டர்?" என்று ஒரு கேள்வி கேட்கலாம் என்பதையாவது யாராவது அவளுக்குச் சொல்லியிருக்கலாம்.