காலண்டர் தாளின் பின்பக்கம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளிப் பக்கம் மனச்சோர்வோடு வரும் ஒரு பெண்ணிடம் "ஏதாவது வேலையில் ஈடுபடுங்க, சரியாயிடும்" என்று சொன்னால் சிரித்துவிடுவார், சிரிக்கத் தெம்பு இருந்தால். விடியலில் மாடு கறந்து, சொசைட்டியில் பால் ஊற்றி, பிள்ளைகளுக்குச் சோறு கட்டி, கம்பெனி பஸ் பிடித்து, சிப்காட்டில் ஷிப்ட் முழுக்க நின்று வருகிறவருக்கு வேலைக்கா பஞ்சம்? ஆனால் வாசலில் கோலம் நின்று போயிருக்கும். தங்கச்சிக்கு போன் போடுவது நின்றிருக்கும். பூ வாங்குவது எப்போது நின்றது என்று அவருக்கே நினைவிருக்காது. இந்த நோய் முதலில் பறிப்பது தனக்கென்று செய்துகொள்ளும் காரியங்களை. அடுத்தவர்களுக்காகச் செய்பவை கடைசிவரை ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை.

மனநல ஆலோசகராக என் வேலையில் பெரும்பகுதி, இப்படி நின்றுபோனவற்றில் எதை முதலில் மீட்கலாம் என்று அவர்களோடு உட்கார்ந்து பார்ப்பது. இதற்கு 'பிஹேவியரல் ஆக்டிவேஷன்' என்று பெயர். மனம் சரியில்லாதபோது ஒதுங்குகிறோம். ஒதுங்க ஒதுங்க நல்லது எதுவும் நம்மிடம் வந்து சேர்வதில்லை. மனம் இன்னும் சாய்கிறது. 1970களில் அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லெவின்சன் இந்தச் சுழலைத்தான் விளக்கினார். 1996இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர், மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சையில் எண்ணங்களைத் திருத்தும் பகுதியை விட்டுவிட்டு அன்றாடச் செயல்களை மட்டும் கையாண்டு பார்த்தார்கள். முழு சிகிச்சைக்குக் குறையாத பலன் கிடைத்தது.

முதல் வாரம் நான் எதையும் மாற்றச் சொல்வதில்லை. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கு என்ன செய்தோம், அப்போது மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று குறித்தால் போதும். எழுத வராதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரும். (பிள்ளை எழுதினால் அம்மா எல்லாவற்றுக்கும் ஐந்து போடுவார். அதையும் கணக்கில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.) நாள் முழுக்க ஒரே இருட்டு என்று சொன்னவரின் தாளிலும் மேடு பள்ளம் இருக்கும். போனைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்த நேரத்துக்கு இரண்டு, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்ட நேரத்துக்கு நான்கு. அந்த நான்குதான் நமக்கு முதல்.

அதன்பிறகு திட்டம். புத்தகங்கள் 'காலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சி' என்று எழுதும். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிற ஊரில் ஆறு மணி என்பது ஒருவருக்கு எழும் நேரம், இன்னொருவருக்குத் தூங்கப் போகும் நேரம். அதனால் நான் கடிகாரத்தை விட்டுவிட்டு, எந்த ஷிப்டிலும் மாறாத ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போகாமல் டீக்கடையில் பத்து நிமிடம். தூங்கி எழுந்ததும் போனைத் தொடுவதற்கு முன் வாசலில் தண்ணீர் தெளிப்பது. ஞாயிற்றுக்கிழமை சந்தை என்றால் சந்தை முழுக்கச் சுற்றச் சொல்வதில்லை. யாரோடு போவது, எந்தக் கடையில் ஒரு கட்டு கீரை வாங்கித் திரும்புவது என்பது வரை பேசிவிடுவோம். 'முடிஞ்சா போறேன்' என்று சொன்னவர்கள் போனதாகத் தாளில் பெரும்பாலும் இருப்பதில்லை.

"மனசு வந்தா செய்யறேன் மேடம்" என்பார்கள். "வராட்டியும் செய்ங்க, வந்தா போனஸ்னு வச்சுக்கலாம்" என்பேன். கம்பெனிக்காரர்களுக்கு இது உடனே பிடிபடும். செய்ய முடியாமல் போன நாளையும் தாளில் எழுதச் சொல்கிறேன். எது தடுத்தது என்று பார்த்தால் பாதி இடங்களில் காரியத்தைப் பெரிதாக வைத்துவிட்டோம் என்பது தெரியும். மீதி இடங்களில் தடுத்தது வீடு. "வேலைய விட்டுட்டு டீக்கடையில என்ன உக்காரல்?" என்று மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு வாரத் திட்டம் போய்விடும். அதனால் வீட்டில் ஒருவரையாவது கூப்பிட்டுப் பேசாமல் நான் திட்டம் போடுவதில்லை. சில பெண்களுக்குச் சேர்ப்பதைவிடக் கழிப்பதுதான் முக்கியம்: மாலைக் கறவையை மகன் பார்த்துக்கொள்வது என்பதே அந்த வாரத் திட்டமாக இருக்கும்.

கடன் கழுத்தை நெரிக்கிற இடத்தில் பாரூர் ஏரிக்கரையில் நடந்தால் தீருமா என்று கேட்பவர்களுக்கு, தீராது என்றே பதில் சொல்கிறேன். அங்கே வங்கிக்குப் போவதும் சங்கத் தலைவியிடம் பேசுவதும் தாளில் ஏறும். சாப்பாடு, தூக்கம் இரண்டும் அற்றுப்போனவர்களையும், உயிரை விடும் எண்ணம் இருப்பவர்களையும் காலண்டர் தாளோடு விட்டுவிடக் கூடாது. மருந்து வேண்டும், மனநல மருத்துவர் வேண்டும். 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இந்தச் சிகிச்சையைக் கொடுக்க என்னைப் போல் படித்தவர்கள்தான் வேண்டும் என்பதில்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேலும் சங்காத் அமைப்பினரும், மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து ஆறிலிருந்து எட்டு அமர்வுகளில் இதைச் செய்ய வைத்தார்கள். 2017இல் லான்செட் இதழில் அச்சான முடிவின்படி, மூன்று மாதத்தில் கடும் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள் 64 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

அப்படிப்பட்ட உள்ளூர் ஆட்கள் இங்கேயும் இருக்கிறார்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள். எந்த வீட்டில் கோலம் நின்று போயிருக்கிறது என்று அவர்களுக்கு எனக்கு முன்பே தெரியும். அவர்களுக்கு இந்தப் பயிற்சியையும் அரசு கொடுக்க வேண்டும், முதலில் இந்த மாவட்டத்திலேயே.