தில்லியும் சென்னையும்: எத்தனை தூரம்?

தில்லியில் குடியேறிய நம்மவரிடம், "ஊர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் ஒருவரும் மைல் கணக்கில் விடை கூறுவதில்லை. "இரண்டு இரவு" என்பர் மூத்தோர். "மூன்று மணிக்குள்" என்பர் அவர்தம் மக்கள். இரண்டும் மெய்யே.

புகைவண்டிப் பாதையின் நீளம் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். ஆகாய மார்க்கமாக நேரே அளந்தால் சுமார் 1,760 கிலோமீட்டர்தான். ஆக்ரா, ஜான்சி, போபால், இட்டார்சி, நாகபுரி என்று ஊர் ஊராக நலம் விசாரித்துக்கொண்டு செல்லும் இரும்புப் பாதை, சம்பலையும் நருமதையையும் கோதாவரியையும் கடந்து, சென்னைக்கும் கிழக்கே இருக்கிற விஜயவாடாவை எட்டிப் பார்த்துவிட்டே தெற்கே இறங்குகிறது. மிகுதி தூரம் அந்த வளைவுகளில் கரைகிறது.

1929-இல் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும், 1976-இல் வந்த தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் இன்றும் இவ்வழியே ஓடுகின்றன. பின்னதில் பயணம் சுமார் 33 மணி நேரம். புளியோதரைப் பொட்டலம் முதல் நாளோடு தீர்ந்துவிடும். நாகபுரி ஆரஞ்சு அதன் பின் துணை.

விமானத்திற்கும் நாகபுரி ஒரு காலத்தில் நடுச்சாவடியாக விளங்கியது. 1949-இல் ஏற்பட்ட இரவுத் தபால் ஏற்பாட்டின்படி தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் விமானங்களும் நள்ளிரவில் அங்கே கூடி, தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் திரும்பின. இன்றைய ஜெட் விமானம் எங்கும் நில்லாமல் 2 மணி 50 நிமிட அளவில் சென்னை சேர்கிறது. தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும் இதில் அடக்கம். குளிர்காலத்து மேலைக்காற்று கல்கத்தா செல்வோரை முன்னே தள்ளும், திரும்புவோரைத் தடுக்கும். நம் வழி தெற்கு நோக்கியதாதலால் அக்காற்று பெரும்பாலும் பக்கவாட்டிலேயே வீசுகிறது. போக வர நேரம் ஏறக்குறைய ஒன்றே.

ஆனால் இக்கணக்கு நமக்கு எப்பொழுது வேண்டியதாகிறது? ஊரில் தாயோ தந்தையோ கண்மூடினார் என்ற செய்தி வரும்பொழுது. தந்தி வந்த நாட்களில் புகைவண்டி ஏறியவர் முகம் காண இயலாமல், காரியத்திற்கே போய்ச் சேர்ந்தார். அக்குறை விமானத்தால் பெரிதும் நீங்கியது, முற்றிலும் நீங்கிவிடவில்லை. வீட்டிலிருந்து விமான நிலையம் ஒரு மணி, அங்கே காத்திருப்பு இரண்டு மணி, பறப்பது மூன்று மணி, வெளிவர அரை மணி. பிறகல்லவா ஊர் தொடங்குகிறது! திருநெல்வேலி சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கும் அப்பால். தஞ்சைப் பக்கத்தார் சென்னையில் இறங்கிக் காரில் ஆறேழு மணி நேரம் அலைவதைவிட, விமானம் மாறித் திருச்சியில் இறங்குவது நன்று. அங்கிருந்து தஞ்சை ஒன்றரை மணித் தொலைவே. நெல்லையார் மதுரையையும் தூத்துக்குடியையும் நினைவில் கொள்க.

ஐஸ் பெட்டி வைத்துக் காத்திருக்கும் உறவினர்க்கு விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லிப் பயனில்லை. வீட்டு வாசலை அடையும் நேரத்தைக் கூட்டிச் சொல்லவேண்டும். மார்கழி, தை மாதங்களில் தில்லி மூடுபனி காலை விமானங்களை மணிக்கணக்கில் நிறுத்திவைப்பதுண்டு. அக்காலத்தில் முதல் நாள் இரவு விமானம் கிடைக்குமானால், விடியட்டும் என்று இராமல் உடனே புறப்படுவதே உசிதம்.